சூசையை யாரும் பிடிக்கவில்லை

கித்தேரியம்மாள் கொடைக்கானல் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராகச் சேர்ந்தது ஐம்பத்தெட்டாம் வருஷம். அவளுடைய அப்பா மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றின் குசினியில் சமையல்காரராக இருந்தவர். குசினி வாசலிலேயே வளர்ந்ததால் வெள்ளைக்காரர்கள் பேசும் இங்கிலீஷ் அவளுக்குக் காதோடு ஒட்டியிருந்தது. அதற்காகத்தான் வேலை கிடைத்தது என்று அவளே சொல்வாள்.

ஊருக்கு அவள் முகம் அவ்வளவாகத் தெரியாது, குரல் தெரியும். மூஞ்சிக்கல் கடைவீதியில் அவள் பாட்டுக்கு நடந்து போவாள், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஒரு கடை முன்னால் நின்று "பூண்டு என்ன வெலைங்க?" என்று கேட்டால் போதும், பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "அட, நம்ம ஆபரேட்டரம்மாவா!" என்பார். பலசரக்குக் கடை முத்து முகம்மது தினமும் காலையில் ஒட்டன்சத்திரம் சந்தைக்கு டிரங்க் கால் போட்டு உருளைக்கிழங்கு விலை கேட்பவர். லைன் கிடைக்காத நாட்களில் அவளே வேறு ஊர் ஆபரேட்டர்கள் மூலம் விசாரித்துச் சொல்லிவிடுவாள். "அந்தப் பிள்ளை இல்லைன்னா என் கிழங்கு மூட்டையிலயே முளைச்சிரும்" என்பார் அவர்.

அவளுக்கு ஒரே தம்பி, மரியசூசை. அவன் தவழ்ந்துகொண்டிருந்தபோதே அம்மா இறந்துபோனாள். அப்பா குசினியை விட்டு வர முடியாததால் சூசையைத் தூக்கி வளர்த்தது கித்தேரிதான். அவனுக்கு அவள்மேல் இருந்தது பயமா பாசமா என்று பிரித்துச் சொல்ல முடியாது. வயதுவந்ததும் மூணாறில் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் இருந்த மாமாவிடம் போனான். அங்கேயே தந்தி இலாகாவில் லைன்மேன் வேலை கிடைத்தது. இவள் இருந்தது சென்னை மாநிலம், அவன் இருந்தது கேரளம். இருவருக்கும் எஜமான் மட்டும் ஒருவர், டெல்லி சர்க்கார்.

கொடைக்கானலிலிருந்து மூணாறுக்கு நேர் லைன் கிடையாது. மதுரை, போடி என்று சுற்றிப் போகவேண்டும். மத்தியானம் லைன்கள் ஓய்ந்திருக்கும்போது கித்தேரி மதுரை ஆபரேட்டரைக் கூப்பிடுவாள், மதுரை போடியைக் கூப்பிடும். போடியில் நாச்சிமுத்து என்றொரு ஆபரேட்டர். அவர் மூணாறைப் பிடித்து, சூசை எந்தத் தந்திக்கம்பத்தில் இருக்கிறான் என்று கேட்டு வைப்பார். சூசை கம்பத்து உச்சியில் உட்கார்ந்தபடி, இடுப்பில் தொங்கும் சோதனை டெலிபோன் பெட்டியைக் கம்பியில் மாட்டி, "அக்கா" என்பான்.

"ஏலே, மேல இருந்துக்கிட்டா பேசுற? பெல்ட்டு போட்டிருக்கியா?"

"போட்டிருக்கேன்க்கா."

"பொய் சொல்லாத."

"இல்லைம்மா, போட்டிருக்கான்னுதான் மூணாறுல சொன்னாக" என்பார் நாச்சிமுத்து நடுவிலிருந்து. இவர்கள் பேசுவதைப் போடியும் மதுரையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கும் என்று இருவருக்கும் தெரியும். சூசைக்குக் காய்ச்சல் வந்தால் நான்கு ஊர் ஆபரேட்டர்களும் மருந்து சொல்வார்கள்.

அறுபத்தெட்டு செப்டம்பரில் மத்திய சர்க்கார் ஊழியர்கள் நாடு முழுக்க ஒருநாள் வேலைநிறுத்தம் என்று அறிவித்தார்கள். குடும்பம் நடத்தப் போதுமான குறைந்தபட்சச் சம்பளம் வேண்டும் என்பது கோரிக்கை. கித்தேரிக்குச் சங்கத்தில் பெயர் இருந்ததே தவிர, கூட்டங்களுக்குப் போய்ப் பழக்கமில்லை. தபால்காரர் திருமலைச்சாமிதான் ஊரில் சங்கக் காரியதரிசி. அவர் வந்து கேட்டபோது, "பாக்கலாம்ண்ணே" என்று மட்டும் சொல்லி அனுப்பினாள்.

அவள் மனசை மாற்றியது சங்கமல்ல. வேலைநிறுத்தத்துக்குச் சில நாள் முன்பு டெல்லியிலிருந்து ஓர் அவசரச் சட்டம் வந்தது. அன்றைக்கு வேலைக்கு வராதவர்களைச் சிறையில் போடலாம், வராதே என்று தூண்டியவர்களையும் போடலாம். இங்கிலீஷில் அச்சடித்த அந்தக் காகிதத்தை நிலையத்துச் சுவரில் ஒட்டினார்கள். கித்தேரி அதைப் படித்து, மற்றவர்களுக்குத் தமிழில் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"வேலைக்கு வரலைன்னா சம்பளத்தப் புடி. சரி, அது நியாயம். நான் வீட்டுல உக்காந்திருந்ததுக்கு ஜெயிலா? அப்ப நான் வேலைக்காரியா, கொத்தடிமையா?"

பக்கத்தில் அமலி நின்றிருந்தாள். அவள் சின்னப் பெண், தற்காலிக ஆபரேட்டர். கைக்குழந்தைக்காரி. புருஷனுக்கு வேலை நிரந்தரமில்லை.

வேலைநிறுத்த நாளன்று காலையில் சாரல். நிலையத்து வாசலில் திருமலைச்சாமியும் இன்னும் சில தபால்காரர்களும் சட்டையில் கறுப்புத் துணி குத்திக்கொண்டு நின்றார்கள். கித்தேரி குடையோடு வந்து அவர்களோடு நின்றுகொண்டாள். சற்று நேரத்தில் அமலி வந்தாள். வாசலைத் தாண்ட முடியாமல் நின்றாள். கண் சிவந்திருந்தது.

"அக்கா..."

"உள்ள போ. பிள்ளைக்குப் பால் வாங்கணும்ல. வெரசா போ, நனையாத."

"நீங்க கோவிச்சுக்க மாட்டீங்கல்ல?"

"போடி பைத்தியம்."

அமலி உள்ளே போனாள். அவள் தலையில் மாட்டிய ஹெட்போனோடு ஜன்னல் வழியாக இவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சப்-இன்ஸ்பெக்டர் கந்தவேல் வந்தபோது சாரல் மழையாகியிருந்தது. அவருக்கும் கித்தேரியின் குரல்தான் பழக்கம். தினமும் மதுரைக்குப் பேசுகிறவர்.

"ஆபரேட்டரம்மா, மழையில எதுக்கு? உள்ள போய் உக்காருங்க. நானும் பேசாமப் போயிர்றேன்."

"உள்ள போனா போர்டு முன்னாலதான சார் உக்காரணும்? இன்னைக்கு உக்கார முடியாது."

"அப்ப வீட்டுக்குப் போங்க."

"போயிருவேன். இவுகளை என்ன செய்வீங்க?"

கந்தவேல் தபால்காரர்களைப் பார்த்தார். "இவங்களைக் கூட்டிட்டுப் போகணும். உத்தரவு."

"நாங்க எல்லாரும் ஒண்ணாத்தான் சார் நின்னோம்."

அவர் தொப்பியைக் கழற்றித் தண்ணீரை உதறிவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். ஒரு பெண்ணைப் பிடித்துக்கொண்டு போவதா என்று மேலதிகாரியிடம் கேட்டுக்கொள்ள நினைத்து, நிலையத்துக்குள்ளேயே போய் மதுரைக்கு லைன் கேட்டார். லைன் போட்டுக் கொடுத்தது அமலி. போர்டில் கயிற்றைத் தவறான துளையில் குத்தி, பிறகு எடுத்துச் சரியான துளையில் குத்தினாள். "ஆமா சார்... பொம்பளைதான் சார்... சரி சார்" என்று கந்தவேல் பேசியதெல்லாம் அவள் காதில் விழுந்தது. வெளியே வந்து, "வாங்கம்மா" என்றார் அவர்.

ஊர்ச் சிறையில் தபால்காரர்களை ஆண்கள் அறையில் அடைத்தார்கள். பெண்கள் அறை என்று ஒன்று பெயருக்கு இருந்தது. பல வருஷமாக அதற்கு ஆள் வரவில்லை. மதுவிலக்கில் பிடித்த சாராயப் பானைகளை அதில் அடுக்கி வைத்திருந்தார்கள். கித்தேரி வராந்தாவில் நனைந்த சேலையோடு காத்திருக்க, இரண்டு வார்டர்கள் பானைகளை வெளியே தூக்கினார்கள். அறை கழுவி விட்ட பிறகும் நாற்றம் போகவில்லை. கந்தவேலின் மனைவி வடிவு வீட்டிலிருந்து ஒரு கம்பளியும் மாற்றுச் சேலையும் கொடுத்தனுப்பினாள். கித்தேரி இரண்டையும் வாங்கிக்கொண்டாள்.

மலைக்கு அந்தப் பக்கம், மூணாறில், அதே நேரத்தில் சூசையும் தன் சகாக்களோடு தபாலாபீஸ் வாசலில் நின்றுகொண்டிருந்தான். போலீஸ் அங்கேயும் வந்தது. ஆனால் கேரள சர்க்கார் முன்கூட்டியே சொல்லிவிட்டது: இது தொழிலாளிகளுக்கு விரோதமான சட்டம், அமைதியாக வேலைநிறுத்தம் செய்கிறவர்களை எங்கள் போலீஸ் கைதுசெய்யாது. டெல்லி கோபித்துக்கொண்டது, கேரளம் அசையவில்லை. ஆகவே மூணாறுப் போலீஸ்காரர்கள் வந்து எதிர்ச்சுவரில் சாய்ந்து நின்றார்கள். குளிர் தாங்காமல் ஏட்டு ஒருவர் டீ வரவழைத்தார். நின்றவர்களுக்கும் சேர்த்து. சூசை அந்த டீயைக் குடித்தான். நல்ல டீ, இஞ்சி தட்டிப் போட்டது.

மறுநாள் லைன்களெல்லாம் உயிர்பெற்றதும் அமலி மதுரையைக் கூப்பிட்டாள். மதுரை போடியைக் கூப்பிட்டது. கம்பத்தின் மேல் இருந்த சூசையிடம் பேசியவர் நாச்சிமுத்து.

"தம்பி, மொதல்ல கீழ எறங்கு."

"எதுக்குண்ணே?"

"எறங்கிட்டுக் கூப்புடு. சொல்றேன்."

சூசை கீழே இறங்கி, கேட்டு, அப்படியே கம்பத்தடியில் உட்கார்ந்துவிட்டான்.

அன்றே கிளம்பினான். டாப் ஸ்டேஷன்வரை ஒரு தேயிலை லாரி. அதற்கப்புறம் காட்டுச்சாலையில் நடந்தான். பேரிஜம் ஏரிப் பக்கம் வரும்போது ஒரு பாரஸ்ட் ஜீப் ஏற்றிக்கொண்டது. மறுநாள் வெள்ளனே கொடைக்கானல் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் வந்து நின்றான். கால்சட்டை முழங்கால்வரை சேறு.

"என்னையும் புடிங்க சார்" என்றான்.

கந்தவேல் நிமிர்ந்து பார்த்தார். "யாருப்பா நீ?"

"கித்தேரியம்மா தம்பி சார். நானும் இலாகாதான். நானும் வேலைநிறுத்தம் பண்ணேன்."

"எங்க பண்ண?"

"மூணாறுல."

"அது கேரளா. குத்தம் எங்க நடந்துச்சோ அங்கதான் கேசு. நீ அங்க போய்க் கேளு."

"அங்க கேட்டாச்சு சார். எங்களுக்கு உத்தரவில்லைன்னு சொல்லி டீ வாங்கிக் குடுத்தாக."

ஸ்டேஷனில் யாரோ சிரித்தார்கள். கந்தவேல் சிரிக்கவில்லை.

"ஒரே சட்டம்தான சார்? டெல்லி போட்டது ஒண்ணுதான? எங்க அக்கா செஞ்சதுதான நானும் செஞ்சேன்?"

"ஒரே சட்டம்தாம்ப்பா" என்றார் அவர். "எனக்குப் புடின்னு உத்தரவு. அவங்களுக்குப் புடிக்காதேன்னு உத்தரவு. நான் என்ன செய்ய? போ, போய் அக்காளைப் பாரு. உன்னைய உள்ள விடச் சொல்றேன்."

சிறையில் கம்பிக்கு அந்தப் பக்கம் வடிவின் சேலையைக் கட்டிக்கொண்டு கித்தேரி வந்து நின்றாள். தம்பியைப் பார்த்ததும் முதலில் அவன் காலைப் பார்த்தாள்.

"ஏலே, அட்டை கடிச்சு ரத்தம் வழியுது பாரு. நடந்தா வந்த? லீவு சொல்லிட்டு வந்தியா?"

சூசை கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதான். பெரிய மீசை வைத்த ஆள் அழுவதைப் பார்த்து வார்டர் நகர்ந்து போய்விட்டார்.

"நீ இங்க நனைஞ்சுக்கிட்டு நின்ன நேரத்துல நான் அங்க டீ குடிச்சுக்கிட்டு நின்னேன்க்கா. அத நெனச்சா தொண்டையில எதுவும் எறங்க மாட்டேங்குது."

"அதுக்கு?"

"என்னையும் உள்ள போடச் சொல்லிக் கேட்டேன். மாட்டேங்குறாக."

கித்தேரி அவன் கையைக் கம்பியோடு சேர்த்துப் பிடித்தாள். "நீ படிச்சவன்தான? நான் சொல்றதக் கேளு. நான் செஞ்சது குத்தம்னு இங்க பூட்டி வெச்சிருக்காக. அதையேதான் நீயும் செஞ்ச. அங்க ஒரு சர்க்காரு அது குத்தமில்லைன்னு உன்ன விட்டு வெச்சிருக்கு. நீ வெளில இருக்கற வரைக்கும் நான் செஞ்சதும் குத்தமில்லைலே. நீயும் வந்து உள்ள உக்காந்துட்டா அத யாரு சொல்லுவா?"

சூசை மூக்கைத் துடைத்துக்கொண்டான். அவன் முழுதாகச் சமாதானமாகவில்லை. ஆனாலும் தலையாட்டினான்.

"கோமதி டாக்கீஸ் படம் பாக்க வந்தவன் மாதிரி நிக்காத. போய்க் கால்ல உப்பு வெய்யி. பாய் கடையில போயி ஏதாச்சும் சாப்புடு."

முத்து முகம்மது அவனைக் கடைக்குள் உட்கார வைத்து, வீட்டிலிருந்து சோறு வரவழைத்துப் போட்டார். சூசை சாப்பிட்டுக்கொண்டே தன் குழப்பத்தைச் சொன்னான். பாய் பொறுமையாகக் கேட்டார்.

"சட்டத்த டெல்லியில எழுதலாம் தம்பி. ஆனா உன் சட்டையப் புடிக்கிறதுக்கு அவன்கிட்ட கை கெடையாது. அது மாநிலத்தோட போலீசு. அவுக மாட்டேன்னு கையக் கட்டிக்கிட்டா சட்டம் காயிதத்துலதான் கெடக்கும். அந்தளவுக்கு ஒரு மாநிலத்துக்கு மனசு வந்துச்சு பாரு, அதச் சொல்லு."

"இங்க ஏன் வரலை பாய்?"

"அது எனக்குத் தெரியாதுப்பா" என்றார் அவர். "கொழம்பு இன்னும் ஊத்தவா?"

ஊர் வக்கீல் ஒருவர் கேட்காமலேயே வந்து ஆஜரானார். சங்கம் வைப்பதற்கு அரசியல் சட்டம் கொடுத்த உரிமையை இந்த அவசரச் சட்டம் பறிக்கிறது, பக்கத்து மாநிலமே இதைத் தொட மறுத்துவிட்டது, இதோ இந்தப் பெண்ணின் கூடப்பிறந்தவன் அதே காரியத்தைச் செய்துவிட்டு இந்தக் கோர்ட்டில் சுதந்திரமாக உட்கார்ந்திருக்கிறான் என்று வாதாடினார். மாஜிஸ்டிரேட் சூசையை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார். சட்டம் செல்லுமா செல்லாதா என்று சொல்ல வேண்டியது பெரிய கோர்ட்டுகள், அண்டை மாநிலம் செய்வது என்னைக் கட்டுப்படுத்தாது என்றார். பிறகு குனிந்து எழுதினார். கோர்ட் கலையும்வரை காவல், அவ்வளவுதான் தண்டனை.

ஆகவே கித்தேரி அன்று மாலைவரை கோர்ட்டுக்குள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சூசையும் பக்கத்தில் உட்கார்ந்தான். நீ போகலாமே என்று சேவகன் சொன்னான். "பரவாயில்லைங்க, எனக்கு வேற சோலி இல்ல" என்றான். வேலித்தகராறு, மாடு திருட்டு என்று ஏதேதோ வழக்குகள் நடந்தன. இடையில் அவள் தூங்கிப் போய் அவன் தோளில் சாய்ந்தாள். சிறையில் அவளுக்குத் தூக்கமே இல்லை என்று அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. தோள் மரத்துப் போயும் அவன் அசையாமல் இருந்தான்.

சிறையிலிருந்து வெளியே வந்தாளே தவிர வேலைக்குப் போக முடியவில்லை. இலாகா அவளைச் சஸ்பெண்ட் செய்திருந்தது. சூசைக்கும் அதே உத்தரவு வந்தது. கேரள சர்க்காரால் தன் போலீஸைத்தான் நிறுத்தி வைக்க முடிந்தது. இலாகா டெல்லியுடையது. அந்த உத்தரவு வந்த அன்று சூசை கிட்டத்தட்டச் சந்தோஷமாக இருந்தான். "இப்ப சரியாப் போச்சுக்கா" என்றான். கித்தேரி கரண்டியை ஓங்கினாள்.

அந்தக் குளிர்காலம் முழுக்க இருவரும் அவள் வீட்டில் இருந்தார்கள். பாய் கடையில் வெள்ளைக்காரர்கள் வரும்போது பேச ஆள் வேண்டும் என்று கித்தேரியை அழைத்துக்கொண்டார். சூசை பூம்பாறைப் பூண்டு மூட்டைகளை ஏற்றி இறக்கினான். அமலி தினமும் வேலை முடிந்து குழந்தையோடு வருவாள். முதல் நாள் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். கித்தேரி அவளிடமிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அமலி பின்னாலேயே போக வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு அந்தப் பேச்சே இருவருக்கும் இடையில் எழவில்லை.

அடுத்த வருஷம் சூசையை முதலில் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். அக்காவுக்கு உத்தரவு வராமல் நான் சேர மாட்டேன் என்று அவன் முரண்டு பிடித்தான். கித்தேரி அவன் துணிமணிகளை மூட்டையாகக் கட்டி வாசலில் வைத்துக் கதவைச் சாத்தினாள். அவன் போனான். பிறகு கோடை தொடங்கும் நேரத்தில் அவளுக்கும் உத்தரவு வந்தது. ஆனால் கொடைக்கானலில் இல்லை, கீழே பழனியில். மலையை விட்டு இறங்கி வாழ்ந்தறியாதவள். வெயிலை நினைத்துக் கொஞ்சம் கலங்கினாள். யாரிடமும் சொல்லவில்லை.

பழனிக்குப் போவதற்கு முன்னால் சூசையின் கல்யாணம் வந்தது. பெண் மூணாறு எஸ்டேட்டைச் சேர்ந்த தமிழ்ப் பெண், பெயர் சலேத்மேரி. முத்து முகம்மது எங்கிருந்தோ ஒரு ஜீப் பிடித்துக் கொடுத்தார். பேரிஜம் வழியாகப் போகும்போது ஓரிடத்தில் டிரைவர், "இதுக்கு மேல கேரளாங்க" என்றார். கித்தேரி வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினாள். இந்தப் பக்கமும் புல்மேடு, அந்தப் பக்கமும் புல்மேடு. இரண்டின் மேலும் ஒரே மூடுபனி. "இம்புட்டுத்தானா?" என்று கேட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தாள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் விருந்தில் சூசை ஓர் ஆளை இழுத்துக்கொண்டு வந்தான். "அக்கா, இவுகதான் எனக்கு அன்னைக்கு டீ குடுத்த ஏட்டையா." மலையாளத்துக்காரர், தமிழ் நன்றாகப் பேசினார்.

"என் தம்பியப் புடிக்காம விட்டீங்க. உங்கள நான் மறக்க மாட்டேங்க" என்று கைகூப்பினாள் கித்தேரி.

அவர் சங்கடத்தோடு கழுத்தைச் சொறிந்தார். "என்னைக் கும்பிடாதீங்கம்மா. எங்க சர்க்காரு பிடிக்காதேன்னு சொல்லிச்சு, பிடிக்கல. பிடின்னு சொல்லியிருந்தா இவனை நான்தான் பிடிச்சிருப்பேன்."

கித்தேரிக்குக் கந்தவேல் முகம் நினைவுக்கு வந்தது. "அது தெரியும் ஏட்டையா" என்றாள். "டீ குடுக்கச் சொல்லி யாரும் உத்தரவு போடலைல்ல? அதுக்குத்தான் சொன்னேன்."

மறுநாள் காலை பூசைக்கு முன்னால் பெண்ணுக்குத் தலை பின்ன ஆள் இல்லை. சலேத்மேரிக்கும் அம்மா கிடையாது. கித்தேரி அவளைத் தன் முன்னால் உட்கார வைத்து, எண்ணெய் தொட்டுச் சிக்கெடுத்தாள். வெளியே சூசை யாரையோ விரட்டிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. பெண் தலையைத் திருப்பாமல் மெதுவாகக் கேட்டாள்.

"மதினி, ஜெயில்ல பயமா இருந்துச்சா?"

அதுவரை அதை யாரும் அவளிடம் கேட்டதில்லை. சங்கத்துக்காரர்கள் மாலை போட்டார்கள், வக்கீல் பாராட்டினார், பாய் சோறு போட்டார். தம்பியிடம் அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் அவன் தாங்க மாட்டான்.

"பயமாத்தான் இருந்துச்சு" என்றாள் கித்தேரி. "வெளிய காலடிச் சத்தம் கேக்கும்போதெல்லாம் எந்திரிச்சு உக்காந்துக்குவேன். அழுதேன்கூட."

சலேத்மேரி கையைப் பின்னால் நீட்டி, மதினியின் முழங்காலைத் தொட்டாள். கித்தேரி பின்னுவதை நிறுத்தாமல், "தலைய ஆட்டாத" என்றாள். அவள் குரல் லேசாக உடைந்திருந்தது. பின்னலை முடித்து, தட்டில் இருந்த பூவை எடுத்து வைத்தாள்.